சங்காயக் கூடையிலிருந்து இறால் தீவனம் வரை

இறால் தீவன மூட்டையின் மேல் புரதம் எத்தனை சதவீதம், கொழுப்பு எத்தனை சதவீதம், ஈரப்பதம் எவ்வளவு என்றெல்லாம் தெளிவாக அச்சிட்டிருப்பார்கள். அந்தப் புரதத்தில் ஒரு பகுதியைத் தந்த மீன் எந்தக் கடலில், எந்த மடிவலையில், எந்த வயதில் பிடிபட்டது என்பதை எந்த மூட்டையும் சொல்வதில்லை. ஒரு தீவனப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையிலும், ராமநாதபுரம் கடற்கரையில் வளர்ந்தவன் என்ற முறையிலும், இந்தச் சொல்லப்படாத பகுதியைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். மீன் தூளையும் மீன் எண்ணெயையும் கடலுக்குக் கேடில்லாத வழியில் வாங்குகிறோம் என்று சொல்லும் கம்பெனிகள் உலகெங்கும் பெருகிவிட்டன. ஆனால் நம் கரைகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு விடை ஆலையின் கோப்புகளில் இல்லை, மீன் இறங்குதளத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அடிப்படைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மீனை நீராவியில் வேகவைத்து, திருகு அழுத்தியில் பிழிந்து, பிழிந்த நீரிலிருந்து எண்ணெயைச் சுழல் இயந்திரத்தில் பிரித்தெடுத்து, எஞ்சிய சக்கையை உலர்த்தி அரைத்தால் மீன் தூள் கிடைக்கிறது. 100 கிலோ பச்சை மீனிலிருந்து ஏறத்தாழ 22 அல்லது 23 கிலோ தூளும், மீனின் கொழுப்பைப் பொறுத்து 3 முதல் 5 கிலோ வரை எண்ணெயும் வரும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டன் மீன் தூளும் 10 லட்சம் டன் மீன் எண்ணெயும் இவ்வாறு உற்பத்தியாகின்றன, அவற்றில் பெரும்பகுதி மீன், இறால் வளர்ப்புக்கே போகிறது.

எல்லா வளர்ப்பு மீனுக்கும் இது ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. ஆந்திரக் குளங்களில் வளரும் கட்லாவும் ரோகுவும் எண்ணெய் நீக்கிய அரிசித் தவிட்டிலும் கடலைப் பிண்ணாக்கிலும் நன்றாக வளர்ந்துவிடுகின்றன. வன்னாமி இறாலுக்கு அப்படியில்லை. ஒரு கிலோ இறால் வளர்க்க 1.4 கிலோ தீவனம் ஆகிறது என்றும், அந்தத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு மீன் தூள் என்றும் வைத்துக்கொண்டால், 280 கிராம் தூள் வேண்டும். அதற்கு ஒன்றேகால் கிலோ பச்சை மீன் வேண்டும். தூளின் விகிதத்தைக் குறைத்தால் இந்தக் கணக்கும் குறையும், உண்மைதான். ஆயினும் உலகின் எல்லா வளர்ப்பு மீன்களையும் ஒரே கூட்டலில் சேர்த்து, மீன் வளர்ப்பு எடுப்பதைவிடப் பல மடங்கு மீனைத் திருப்பித் தருகிறது என்று சொல்லும்போது, தூள் அதிகம் தேவைப்படாத கெண்டை வகைகள்தான் எடுக்கப்படும் மீனின் சராசரியைத் தாழ்த்திக் காட்டுகின்றன என்பதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மீன் தூள் என்றாலே தொழிலில் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பெரு நாடு. அங்கே பிடிபடும் அன்சோவெட்டா நம் நெத்திலியின் உறவுக்கார மீன். ஒற்றை மீனினத்தை நம்பிய மீன்பிடிப்புகளில் உலகிலேயே பெரியது அதுதான். 1970-இல் 1.2 கோடி டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1972-இல் எல் நினோ வந்து குளிர்நீர் மேலெழுவது தடைப்பட்டதும், அதற்கு முன்பே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்த அந்த மீன் இனம் சரிந்தது. 1973-இல் பிடிப்பு 20 லட்சம் டன்னுக்கும் கீழே போயிற்று. அந்த ஆண்டே பெரு அரசு மீன் தூள் தொழிலை நாட்டுடைமையாக்கியது, உலகச் சந்தையில் சோயா விலை எகிறியது, அமெரிக்கா சில காலம் சோயா ஏற்றுமதிக்கே தடை போட்டது. ஒரு விரல் நீள மீன் குறைந்ததால் உலகத் தீவனச் சந்தை முழுதும் ஆட்டம் கண்டது.

அந்தப் பாடத்திலிருந்து பெரு மெல்ல மெல்ல ஒரு நல்ல முறையை உருவாக்கியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்நாட்டுக் கடல் ஆராய்ச்சி நிலையமான இமார்பே, பருவம் தொடங்கும் முன் ஒலியலைக் கருவிகளோடு கப்பல்களை அனுப்பி, எவ்வளவு மீன் இருக்கிறது, அதில் குஞ்சு எவ்வளவு என்று மதிப்பிடுகிறது. அந்த மதிப்பீட்டை வைத்து மொத்த அளவு நிர்ணயிக்கப்படுகிறது. 2009 முதல் ஒவ்வொரு படகுக்கும் தனித்தனி ஒதுக்கீடு உண்டு. 12 செ.மீ.க்குக் குறைந்த மீன் குஞ்சாகக் கருதப்படுகிறது, ஓரிடத்தில் குஞ்சுகளின் பங்கு கூடினால் அந்தப் பகுதி சில நாள்களுக்கு மூடப்படுகிறது. 2023-இல் குஞ்சுகளே மிகுதியாக இருந்ததால் வட-மத்தியப் பகுதியின் முதல் பருவத்தையே ரத்து செய்தார்கள். பல லட்சம் டன் மீனும் பெருந்தொகை அந்நியச் செலாவணியும் போகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. மீன் எண்ணெய் விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனது.

பெருவை முழுக்கப் புகழவும் மனம் வரவில்லை. சிம்போட்டே நகரின் ஃபெரோல் விரிகுடாவில் ஆலைக் கழிவுநீர் பல பத்தாண்டுகளாகப் படிந்து சேறாகிக் கிடக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பத்தில் நான்கு பேருக்கு இரத்தசோகை இருக்கும் நாட்டில், இரும்புச்சத்து நிறைந்த அந்த மீனில் மிகச் சிறிய பங்குதான் மனிதர் உணவாகிறது. இருந்தாலும், எந்த மீன், எவ்வளவு, என்ன நீளம் என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே விடை இருக்கிறது. நம் ஊரில் இந்த மூன்றுமே கேட்கப்படுவதில்லை.

பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் தொழிலுக்குப் போகின்றன, மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. ராமேசுவரத்திலோ மண்டபத்திலோ விசைப்படகுகள் கரை திரும்பும் காலை நேரத்தில் இறங்குதளத்தில் நின்று பார்த்தால், இறால் தனிப் பெட்டியிலும், நண்டு, கணவாய் தனித்தனியாகவும், ஐஸ் போட்ட நல்ல மீன் வேறாகவும் இறங்குவது தெரியும். அவையெல்லாம் இறங்கிய பிறகு, ஐஸ் இல்லாமல் படகின் தளத்தில் குவிந்து கிடப்பது சங்காயம். கூடை கூடையாக அள்ளி, எடைக் கணக்கில் மொத்தமாக விற்கிறார்கள். கோழித் தீவனத்துக்கும் மீன் தூள் ஆலைகளுக்கும் அது போகிறது.

அந்தக் கூடையில் என்ன இருக்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்கிறேன். காரல் மீன் மிகுதி, வழுவழுப்போடு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அதற்கிடையே சூடை, உடைந்த நெத்திலி, நகத்தளவு நண்டுகள், விலாங்கு போன்ற மெல்லிய மீன்கள், சிப்பி ஓடுகள், கொஞ்சம் கடல்புல். இன்னும் கவனித்துப் பார்த்தால் விரல் நீளச் சங்கராவும், கண்ணாடி போன்ற கணவாய்க் குஞ்சும், வாளைக் குஞ்சும் தென்படும். அங்கே மீன் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், "இதெல்லாம் சாப்பிடாத மீனா அக்கா?" என்று கேட்டேன். "விட்டிருந்தா அத்தனையும் குழம்புக்கு ஆகுற மீனுதான் தம்பி, இந்தச் சைஸுல யாரு வாங்குவா?" என்றார். காரலையும் சூடையையும்கூட எங்கள் வீடுகளில் விரும்பிச் சாப்பிடுவோம். பிள்ளை பெற்றவளுக்குக் காரல் சாறு வைத்துக் கொடுப்பது கடற்கரை வழக்கம்.

முன்பெல்லாம் இந்த மீனில் பெரும்பகுதியைக் கடலிலேயே கொட்டிவிடுவார்கள். அதுவும் வீண்தான், ஆனால் அதைப் பிடிக்க யாருக்கும் ஆசை இருந்ததில்லை. கோழித் தீவனமும் இறால் தீவனமும் பெருகியபின் அதற்கு ஒரு விலை வந்தது, அந்த விலை படகை ஓட வைக்கிறது. கொரமண்டல் கரையின் இழுவைப் படகுகளைப் பற்றி 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் எச்சரித்தது: இறாலும் நல்ல மீனும் குறைந்து தொழில் நட்டத்துக்குப் போகும்போது படகுகள் தாமாக ஓய வேண்டும், ஆனால் கழிவு மீனுக்குக் கிடைக்கும் பணம் டீசல் செலவை ஈடுகட்டுவதால், மீன் வளம் நலிந்த பிறகும் அவை ஓடிக்கொண்டே இருக்கின்றன. பெரிய மீன் இல்லாத கடலில் குஞ்சைப் பிடித்துக் காலம் தள்ளும் நிலை இப்படித்தான் வருகிறது. இதன் சுமை பாக் நீரிணையின் மறுகரைக்கும் போகிறது. இலங்கை 2017-இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிறு படகு வைத்திருக்கும் தமிழ் மீனவர்கள், தங்கள் வலைகள் அறுபடுவதையும் கடலடி வழிக்கப்படுவதையும் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். நம் தீவனக் கணக்கில் அவர்களுடைய இழப்பும் சேர்ந்திருக்கிறது.

பரிசோதனைக்கூடத்தில் இந்தச் சங்காயத் தூள் வந்தால் பார்த்த உடனே ஓரளவு தெரிந்துவிடும். பெருவின் நல்ல தூளில் 65 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கும். இதில் அவ்வளவு இராது. எலும்பும் ஓடும் மிகுதி என்பதால் சாம்பல் அளவு கூடும். மணலில் காயப்போட்டு அரைத்திருந்தால் அமிலத்தில் கரையாத மணல் அடியில் தங்கும். கரையேறும் வரை ஐஸ் இல்லாமல் கிடந்ததால் அழுகலைக் காட்டும் நைட்ரஜன் அளவும் உயர்ந்திருக்கும். இவையெல்லாம் விலையைக் குறைக்கப் பயன்படும் அளவைகள். அந்தத் தூளில் எத்தனை பங்கு குஞ்சு மீன் என்பதை மட்டும் எங்களிடம் இருந்த எந்தச் சோதனையாலும் சொல்ல முடிந்ததில்லை. அரைத்துப் பொடியான பிறகு மீனுக்கு வயது கிடையாது. அதனால்தான் ஆலை வாசலுக்குப் பின்னால் செய்யப்படும் எந்தச் சரிபார்ப்பையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

மேற்குக் கரையில் இதே கதை மத்தி மீனைச் சுற்றி நடக்கிறது. சாளை என்றும் நெய்மத்தி என்றும் நாம் சொல்லும் அந்த மீன்தான் இந்தியாவின் மீன் எண்ணெய்க்கு மூலம். மங்களூர், உள்ளால் தொடங்கி கோவா, ரத்னகிரி வரை உள்ள ஆலைகள் பெரும்பாலும் அதை நம்பியே எழுந்தவை. கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது, 2021-இல் வெறும் 3,297 டன். அடுத்த ஆண்டே ஒரு லட்சம் டன்னைத் தாண்டி மீண்டது. இந்த ஏற்ற இறக்கத்துக்குக் கடல் வெப்பம், மழை, உணவு நுண்ணுயிரிகளின் பெருக்கம் எனப் பல காரணங்கள் உண்டு, ஆலைகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஆனால் இயற்கையாகவே இவ்வளவு ஊசலாடும் ஓர் இனத்தை, அது மீண்டெழும் ஆண்டில் குஞ்சாகவே வாரிவிடுவது பெரும் கேடு. கேரள அரசு மத்திக்கு 10 செ.மீ. என்று குறைந்தபட்ச நீளம் விதித்திருக்கிறது. மீறிப் பிடிக்கும் படகுகளுக்கு அபராதமும் போடுகிறது. உள்ளூர்ச் சந்தையில் விலைபோகாத குஞ்சு மத்தியை வாங்கிக்கொள்ள வெளிமாநிலத் தூள் ஆலைகள் இருக்கும்வரை, அந்த விதி ஒரு மாநிலத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது. மீனின் நீளம் ஒன்றரை மடங்கானால் எடை ஏறத்தாழ மூன்றரை மடங்காகும். 8 செ.மீ. மத்தியைச் சில மாதம் விட்டுவைத்து 12 செ.மீ.இல் பிடித்தால், இயற்கையாக இறப்பதும் இரையாவதும் போக, அதே மீனவருக்கு அதிக எடையும் அதைவிட அதிக விலையும் கிடைக்கும்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் நடப்பது இன்னும் கொடிது. மொரிட்டேனியா, செனகல், காம்பியா கரைகளில் நம் மத்திக்கு நெருங்கிய இனமான சார்டினெல்லாதான் ஏழைகளின் அன்றாட உணவு; அதைப் புகையூட்டியும் உலர்த்தியும் உள்நாட்டுக்கு விற்பது பெண்களின் தொழில். தூள் ஆலைகள் வந்தபின் அந்தப் பெண்களால் படகடியில் ஆலை கொடுக்கும் விலையோடு போட்டியிட முடியவில்லை. காம்பியாவின் குஞ்சூர் கிராமத்தில் 2016-இல் ஓர் ஆலை வந்தது, அடுத்த ஆண்டே அருகிலிருந்த உப்பங்கழியின் நீர் சிவந்து மீன்கள் செத்து மிதந்தன. தூளாகும் மீனில் 90 சதவீதம் மனிதர் உண்ணத் தகுந்தது என்று 2017-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்களும் எங்கள் ஊர்க் கருவாட்டு வியாபாரிகளும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

மாற்று இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990-இல் 90 சதவீதம் அளவுக்குக் கடல் பொருளாக இருந்தது. 2020-இல் அது 22 சதவீதமாகிவிட்டது. அந்த இடத்தை நிரப்பியதில் முக்கியமானது சோயா, அதிலும் பிரேசில் சோயா. காடழிப்பு என்ற வேறொரு கணக்கு அங்கே தொடங்குகிறது. புரதத்தை ஓரளவு இப்படி ஈடுகட்டலாம். எண்ணெய்தான் சிக்கல். மீன் எண்ணெயின் சிறப்பான இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்புகளை மீன் பெரும்பாலும் தானாகச் செய்வதில்லை, நுண்பாசிகள் செய்வதை உணவுச் சங்கிலி வழியே பெறுகிறது. பாசியையே தொட்டியில் வளர்த்து எண்ணெய் எடுக்கும் ஆலைகள் இப்போது இயங்குகின்றன. விலை இறங்கினால் எண்ணெய்ப் பிரச்சினைக்கு இதுவே நேர்வழி. அண்டார்டிக் கடலில் கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரை அள்ளுவது வழியாக எனக்குத் தோன்றவில்லை. திமிங்கிலமும் பெங்குவினும் நம்பியிருக்கும் உணவு அது.

இவற்றையெல்லாம்விட எனக்கு நம்பிக்கை தருவது மீன் வெட்டியபின் மிஞ்சும் தலை, முள், குடல். 2022-இல் உலக மீன் தூளில் 34 சதவீதமும் மீன் எண்ணெயில் 53 சதவீதமும் இப்படிப்பட்ட மிச்சத்திலிருந்து வந்ததாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அறிக்கை சொல்கிறது. நம் நாட்டில் மீனை முழுதாக வாங்கும் பழக்கம் இருப்பதால் இந்த மிச்சம் ஒரே இடத்தில் சேர்வதில்லை. ஆனால் காசிமேட்டிலும் எல்லா ஊர் மீன் அங்காடிகளிலும் வெட்டிக் கொடுக்கும் பெண்களின் காலடியில் சாக்குச் சாக்காகச் சேர்வது என்ன? சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமான சிபா, அங்காடி மீன் கழிவிலிருந்து பிளாங்க்டன் பிளஸ் என்ற திரவத்தைத் தயாரித்து, குளங்களில் மிதவை உயிரிகள் பெருகப் பயன்படுத்தலாம் என்று காட்டியிருக்கிறது. அழுகுவதற்குள் குளிரூட்டிச் சேர்க்க முடிந்தால், குஞ்சு மீனைத் தொடாமலே தூளுக்கு வேண்டியதில் ஒரு பகுதி கிடைத்துவிடும்.

சான்றிதழ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீன் தூள் ஆலைகளுக்கு மரின்டிரஸ்ட் என்ற சான்று இருக்கிறது, முன்பு ஐ.எஃப்.எஃப்.ஓ. ஆர்.எஸ். என்ற பெயரில் இருந்தது. வளர்ப்புப் பண்ணைகளுக்கான ஏ.எஸ்.சி. அமைப்பும் தீவனத்துக்கென்றே ஒரு தனித் தரவரையறையை 2021-இல் வெளியிட்டது. இவற்றின் அடிப்படை, ஒரு மீனினத்தின் இருப்பு அறிவியல் முறையில் மதிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதே. பெருவுக்கு அது பொருந்துகிறது. பல பத்து இனங்கள் ஒரே கூடையில் கிடக்கும் சங்காயத்துக்கு எந்த இனத்தின் இருப்பை மதிப்பிடுவது? ஒரு இனத்துக்குக் கணக்குப் போட்டு மற்றவற்றை விட்டுவிட்டால், பாதிப்பு இருக்கும் இடம் கணக்குக்கு வெளியே போய்விடும். சான்று வாங்கப் பாடுபடும் ஆலைகளை நான் மதிக்கிறேன். வெப்பமண்டலக் கடலுக்கு வேறு அளவுகோல் வேண்டும் என்பதே என் வாதம்.

அந்த அளவுகோல் மீனின் நீளமாகவும் மடியின் கண்ணியாகவும் இருக்கலாம். இழுவைமடியின் பின்புறப் பையில் வழக்கமான சாய்சதுரக் கண்ணி, இழுக்கும்போது நீண்டு மூடிக்கொள்கிறது. குஞ்சு வெளியேற வழியில்லை. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் பரிந்துரைக்கும் 40 மி.மீ. சதுரக் கண்ணி இழுவையிலும் திறந்தே நிற்கும். இதைச் சட்டமாக எழுதுவது எளிது. ஆனால் அந்தப் பையைப் போட்ட படகுக்காரர் சங்காய வருமானத்தை இழக்கிறார், போடாதவர் ஆலையில் அதே விலையை வாங்குகிறார் என்றால், அந்தச் சட்டத்தை யார் மதிப்பார்? கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுகளைக் கட்டிப்போட்டுத் தியாகம் செய்யும் மீனவர்கள், ஜூன் 15-க்குப் பிறகு முதலில் அள்ளுவது அந்தத் தடையில் பிறந்த குஞ்சுகளைத்தான். இதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல என்னால் முடியாது. வாங்குபவர் எடையைப் பார்த்து விலை கொடுத்தால் விற்பவரும் எடையைத்தான் கொண்டுவருவார்.

ஆகவே தூள் ஆலைகள் இறங்குதளத்திலேயே ஆள் வைத்து, ஒவ்வொரு படகின் சங்காயத்திலிருந்தும் ஒரு கூடையை எடுத்துப் பிரித்து, குஞ்சின் பங்கு குறைவாக உள்ள சரக்குக்குக் கூடுதல் விலையும், அளவுக்கு மீறினால் மறுப்பும் என்று ஒரு முறையைக் கொண்டுவர வேண்டும். அந்தக் கூடைக் கணக்கு தூள் மூட்டையோடு தீவன ஆலைக்கும், அங்கிருந்து பண்ணைக்கும் போக வேண்டும். இதற்குச் செலவாகும் என்பது உண்மை. மீன் தூளின் விலை இதனால் 10 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தீவனச் செலவில் கால் பங்கு மீன் தூள் என்றால் தீவனம் இரண்டரை சதவீதம் ஏறும். இறால் வளர்க்கும் செலவில் பாதி தீவனம் என்றால் இறாலின் அடக்கவிலை ஒன்றேகால் சதவீதம் கூடும். கடனில் குளம் ஓட்டும் நாகப்பட்டினத்து விவசாயியின் தலையில் இதை ஏற்றக்கூடாது. நம் இறாலை வாங்கும் அமெரிக்க, ஐரோப்பிய விற்பனைச் சங்கிலிகள் தங்கள் விளம்பரங்களில் கடல் நலத்தைப் பற்றி நிறையவே பேசுகின்றன. அந்த ஒன்றேகால் சதவீதத்தை அவை கொள்முதல் விலையில் தனியாகச் சேர்த்துத் தர வேண்டும், ஏற்றுமதியாளர்கள் அதை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க வேண்டும்.